புதுப்பேட்டையில் எங்கள் டூ நாட் செவனுக்கு டேங்கும் ஃபீட் பம்ப்பும் மாற்றியது

சென்னை பெரம்பூரில் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறேன். அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை, தாம்பாளம், ஜமக்காளம், மடக்கு நாற்காலி எல்லாம் உண்டு. அப்பா தொடங்கிய கடை. அவர் 2004-ல் வாங்கிய டாடா 207 பிக்அப்தான் இன்றைக்கும் எங்கள் லோடை ஏற்றுகிறது. தெருவில் எல்லாருக்கும் அது 'டூ நாட் செவன்'. அப்பா போன பிறகு அதை விற்றுவிடச் சொன்னவர்கள் பலர். அப்பா காலத்திலிருந்து ஓட்டும் டிரைவர் அண்ணன் மட்டும், "இன்ஜின் கல்லு மாதிரி கீது பாப்பா, கை வெக்காத" என்றார். வைக்கவில்லை.

இந்த வண்டிக்குப் போன தை மாதம் டீசல் டேங்க், அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப், ஓஸ் என்கிற ரப்பர் குழாய் எல்லாவற்றையும் புதுப்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் மாற்றினோம். எட்டு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பழைய டீசல் வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் யாராவது நான் செய்த முதல் தவறைச் செய்யாமல் இருந்தால் போதும்.

வண்டி மக்கர் செய்யத் தொடங்கியது தையின் முதல் முகூர்த்தத்தில். விடியற்காலை நாலு மணி, மயிலாப்பூரில் ஒரு மண்டபத்துக்குச் சமையல் பாத்திரம். எழும்பூர் காந்தி இர்வின் பாலம் ஏறும்போது இன்ஜின் விக்கி விக்கி நின்றது. அண்ணன் பானெட்டைத் திறந்து ஃபீட் பம்ப்பின் கைப்பிடியை இருபது முப்பது தடவை அமுக்கினார், ஸ்டார்ட் ஆனது. ஒரு கிலோமீட்டர் போனதும் மறுபடி நின்றது. இப்படியே ஐந்து தடவை. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறேகால். காலை டிபனுக்கு இட்லி ஊற்ற வேண்டிய மாஸ்டர் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டு வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. கொப்பரையைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பா பெயரில் நடக்கும் கடைக்கு அப்படி ஒரு காலை வந்ததே என்று அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே எங்கள் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஃபீட் பம்ப் போய்விட்டது என்று புதுசு போட்டார்கள். கூலியோடு 2,800 ரூபாய். பத்தொன்பது நாள் நன்றாக ஓடியது. இருபதாம் நாள் அதே விக்கல். திரும்பக் கொண்டுபோனால், "மைக்கோ பம்ப் தேஞ்சிடுச்சு, கழட்டி முழுசா வேலை பார்த்து பென்ச்சுல ஏத்தணும், 14,000 ஆகும்" என்றார்கள். டேங்கைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். டேங்கில் ஒன்றும் இருக்காது என்றார்கள். திறந்து பார்க்கவே இல்லை. எனக்குக் கோபம் அதில்தான். பத்தொன்பது நாளில் ஒரு புதுப் பம்ப் ஏன் செத்தது என்று யாரும் கேட்கவில்லை, அடுத்த பம்ப்புக்கு விலை சொல்லிவிட்டார்கள்.

(வெளியூர்க்காரர்களுக்கு: இன்ஜினுக்கு டீசலை அழுத்தத்தோடு அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம்ப்பை இங்கே 'மைக்கோ' என்றுதான் சொல்வார்கள். 1951-ல் தொடங்கிய ஒரு பெங்களூர்க் கம்பெனியின் பெயர் அது. 2008-ல் பாஷ் என்று மாறிவிட்டது, ஆனால் மெக்கானிக் வாயில் மாறவில்லை. ஃபீட் பம்ப் வேறு. அது டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி ஃபில்டர் வழியாக மைக்கோவுக்கு அனுப்பும் சின்னப் பம்ப்.)

புதுப்பேட்டைப் பட்டறையைச் சொன்னவர் கோயம்பேட்டில் வாழையிலை லோடு அடிக்கும் ஒரு டிரைவர். ஆதித்தனார் சாலை, அதாவது ஹாரிஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்து. இரண்டு பக்கமும் கதவு, பம்பர், பானெட் என்று அடுக்கியிருப்பார்கள். அதில் லாரி டேங்குகள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும் வாசல்தான் இவருடையது. பெயர்ப்பலகை கிடையாது. எல்லாரும் 'டேங்க் பாய்' என்கிறார்கள். அறுபதைத் தாண்டிய மனிதர். ஒரு வெல்டரும் ஒரு பையனும் கூட வேலை செய்கிறார்கள்.

பாய் முதலில் ஸ்பேனரையே எடுக்கவில்லை. எப்போது நிற்கிறது, மேட்டிலா சமத்திலா, காலையில் ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம், டேங்க் எவ்வளவு காலியாக இருக்கும்போது அதிகம் என்று அண்ணனிடம் கேட்டார். பிறகு பையனை விட்டு ஒரு ஐந்து லிட்டர் கேனில் நல்ல டீசல் ஊற்றி, கேபின் உயரத்துக்குக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். டேங்கிலிருந்தும் ஃபீட் பம்ப்பிலிருந்தும் வரும் பைப்பைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஒரு ஓஸை நேரே ஃபில்டருக்குக் கொடுத்தார். காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். இருபது நிமிடம் ஓடியது. ஆக்ஸிலேட்டரை அமுக்கி அமுக்கிப் பார்த்தார், ஒரு விக்கல் இல்லை.

"மைக்கோவுக்கு ஒண்ணும் ஆவல மா. நாசிலும் நல்லா கீது. கோளாறு எல்லாம் கீழ, வவுத்துலதான்." நாசில் என்றால் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை.

பதினாலாயிரம் ரூபாய்க் கேள்விக்கு ஒரு கேனும் கயிறும் பதில் சொல்லிவிட்டன. இதற்காக மட்டுமே அந்தப் பட்டறையை நான் சிபாரிசு செய்வேன்.

அப்புறம் டேங்கை இறக்கினார்கள். உள்ளே இருந்த டீசலில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மேலே டீசல், நடுவில் கஷாயக் கலரில் வழவழவென்று ஒரு படலம், அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர், அதற்கும் கீழே செந்தூள். டீசல் தண்ணீரைவிட லேசு, தண்ணீர் எப்போதும் அடியில் போய் உட்காரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளர்ந்து அந்த வழவழப்பு உண்டாகும். டேங்கின் அடித்தகடு மாதக்கணக்காகத் தண்ணீரிலேயே ஊறிக்கொண்டிருந்திருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் எங்கள் ஷெட்டில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. வண்டி சக்கரத்துக்கு மேல் மூழ்கியிருந்தது. வடிந்த பிறகு இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் பார்த்தோம். டேங்கை யாருமே நினைக்கவில்லை. மூடி வழியாகவும் காற்றுக்குழாய் வழியாகவும் உள்ளே போன தண்ணீர் ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்திருக்கிறது. பாய் இன்னொன்றும் சொன்னார். எங்கள் தொழிலில் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, வண்டி சும்மா நிற்கும். டீசல் வீண் என்று டேங்கை அடியில் விட்டு நிறுத்துவோம். காலி டேங்கில் இருக்கும் காற்றின் ஈரம் ராத்திரி குளிரில் தகட்டில் வேர்த்து வடியும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? நிறுத்தி வைக்கும்போதுதான் டேங்கை நிரப்ப வேண்டுமாம். நாங்கள் இருபது வருஷமாக அதற்கு நேர் எதிராகச் செய்து வந்திருக்கிறோம்.

பழைய டேங்கைக் கொண்டுபோ என்று கொடுத்துவிடாமல், எனக்குக் காட்டுவதற்காகவே வெட்டினார். முழுக்கத் தண்ணீர் நிரப்பி, உளியும் சுத்தியலும் வைத்து வெட்டினார்கள். கேஸ் கட்டர் கிட்டே வரவில்லை. டீசல் டேங்க் நிறைந்திருக்கும்போது இல்லாத ஆபத்து காலியாக இருக்கும்போது உண்டு, உள்ளே நிற்கும் ஆவி தீப்பொறி பட்டால் வெடிக்கும். நம் நாட்டு டீசல் தரத்தில் அந்த ஆவி தீப்பிடிக்கும் வெப்பத்துக்கு வைத்திருக்கும் கீழெல்லை 35 டிகிரி. சித்திரையில் நம் ஊர் நிழலே அதைத் தாண்டிவிடும். 'ஒரு பொட்டு வெல்டு வெச்சுடலாம்' என்று யாராவது பழைய டேங்கில் கை வைத்தால் தள்ளி நில்லுங்கள்.

உள்பக்கம் மரப்பட்டை மாதிரி துரு உரிந்து கிடந்தது. வெளியே, டேங்கைக் கட்டும் பட்டைக்கு அடியில், ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் மழை ஈரம் தங்கித் தங்கி, ஊசி முனை அளவில் மூன்று ஓட்டை. ஃபீட் பம்ப்பையும் பிரித்தார். பத்தொன்பது நாள் முன்பு போட்ட அதே புதுப் பம்ப். சல்லடை முழுக்கச் சேறு, வால்வில் துருத்தூள் சிக்கி மூடாமல் நிற்கிறது, உள்ளே முன்னும் பின்னும் ஓடும் பிளஞ்சரில் கோடு கோடாகக் கீறல். அழுகைதான் வந்தது. குற்றம் அந்தப் பம்ப்புடையது இல்லை. சேற்றைக் குடிக்கக் கொடுத்தால் எந்தப் பம்ப் தாங்கும்?

டேங்குக்கு மூன்று வழி சொன்னார். ஒன்று, ஓட்டையை அடைப்பது. அதை அவரே வேண்டாம் என்றார். இரண்டு, உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழைய டேங்க், 2,500 ரூபாய். "அதுவும் உன் வண்டி வயசுதான் மா, அதே மழையிலதான் நின்னுது." மூன்று, புதுசாகத் தகட்டில் செய்வது, 6,500.

அதே தெருவில் இன்னொரு கடையில் 4,800-க்குப் புது டேங்க் தயாராக இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். பளபளவென்று, தகட்டில் பூப்பூவாக வெள்ளிக்கோலம் போட்ட மாதிரி அழகாக இருந்தது. துருவே பிடிக்காது, ஜி.ஐ. தகடு என்றார்கள். திரும்பி வந்து பாயிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. ஜி.ஐ. என்றால் மேலே துத்தநாகப் பூச்சு. தண்ணீர் வாளிக்கும் கூரைக்கும் நல்லது, டீசலுக்கு ஆகாது. டீசலில் உள்ள அமிலத்தோடு துத்தநாகம் சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு கசடு உண்டாகி ஃபில்டரை அடைக்கும், நாசில் வரைக்கும் போகும். செம்பு, பித்தளைக் குழாய்களுக்கும் டீசலோடு ஒத்துப்போகாது. ஆயிரத்து எழுநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் மறுபடி பம்ப்புக்கே வந்து நின்றிருப்பேன். டேங்க் வாங்கப் போகிறவர்கள் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். பூப்போட்ட பளபளப்பு தெரிந்தால் வாங்காதீர்கள்.

அவர் எடுத்தது துத்தநாகப் பூச்சு இல்லாத 18 கேஜ் சி.ஆர். தகடு. கிட்டத்தட்ட 1.2 மில்லிமீட்டர் கனம். வெட்டி, மடித்து, உள்ளே இரண்டு தடுப்புத் தகடு வைத்து வெல்டு செய்தார்கள். தடுப்பு எதற்கென்றால், பிரேக் அடிக்கும்போது டீசல் முழுதும் ஒரு பக்கம் அலையடித்து, உறிஞ்சும் குழாய் காற்றில் நிற்கக் கூடாது. எங்கள் பழைய டேங்கில் ஒரு தடுப்பு கழன்று சும்மா கிடந்தது. உறிஞ்சும் குழாயின் நுனியை அடித்தகட்டிலிருந்து ஒரு விரற்கடை மேலே நிறுத்தி, சல்லடை மாட்டினார். அடியில் சேரும் தண்ணீரைக் குழாய் இழுக்காமல் இருக்க. அந்தத் தண்ணீரைத் திறந்துவிட, இருப்பதிலேயே தாழ்ந்த மூலையில் ஒரு டிரெய்ன் பிளக். மூடி, டீசல் அளவைக் காட்டும் மிதவை மட்டும் பழையது.

வெல்டு முடிந்ததும் எல்லா வாயையும் அடைத்து, லேசாகக் காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தார்கள். ஒரு மூலையில் சின்னதாகக் குமிழி வந்தது. பையன் கவனிக்கவில்லை, பாய் கவனித்துவிட்டார். எடுத்துத் துடைத்து மறுபடி வெல்டு, மறுபடி தொட்டி. நான் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாண அண்டாவுக்கு ஈயம் பூசும்போது அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுவார், அந்த ஞாபகம். வெளியே ரெட் ஆக்ஸைடு, மேலே கறுப்பு பெயின்ட். உள்ளே எதுவும் பூசவில்லை, நல்ல டீசலால் இரண்டு தடவை அலசினார்கள்.

ஃபீட் பம்ப்பை நானே உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டில் வாங்கி வந்தேன். பாய்தான் அப்படிச் சொன்னார், "பில்லோட நீயே வாங்கு மா, நாளைக்கு என்மேல சந்தேகம் வரக் கூடாது." பாஷ் டப்பா, 2,450 ரூபாய். 900-த்துக்கும் பம்ப் கிடைக்கிறது. கையில் எடுத்துக் கைப்பிடியை அமுக்கினாலே வித்தியாசம் தெரிகிறது. விலை குறைந்ததில் பிளஞ்சர் லொடலொடக்கிறது. உறிஞ்சும் ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு அமுக்கினால், நல்ல பம்ப் விரலைப் பிடித்து இழுக்கும்.

அடுத்தது ஓஸ். இதில்தான் பலர் ஏமாறுகிறோம். டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் டீசலைப் பம்ப் உறிஞ்சுகிறது, தள்ளுவதில்லை. அதனால் அங்கே விரிசல் விட்டால் வண்டி ஓடும்போது டீசல் சொட்டாது, காற்று உள்ளே போகும். கீழே ஈரமே இல்லையே என்று நாம் தேடிக்கொண்டிருப்போம், இன்ஜின் விக்கிக்கொண்டிருக்கும். எங்கள் ரப்பர் ஓஸை வளைத்துக் காட்டினார், முழுக்க வெடிப்பு. 2020 ஏப்ரலில் மாசைக் குறைக்கும் பி.எஸ்.6 டீசல் வந்ததிலிருந்து கந்தகம் பத்து லட்சம் பங்குக்கு 50-லிருந்து 10 ஆகக் குறைந்துவிட்டது. காற்றுக்கு நல்லதுதான். ஆனால் பழைய டீசலில் ஊறிப் பழகிய ரப்பர்கள் அதற்கப்புறம் சுருங்கிக் கசிவதை நிறையப் பார்த்துவிட்டேன் என்றார். ஓஸ், கிளாம்ப், வாஷர் எல்லாம் புதுசு. இரும்புக் குழாயை இன்ஜின் பக்கத்திலிருந்து டேங்க் பக்கமாகக் கம்ப்ரசரில் ஊதினார்கள். வெள்ளைத் துணி பிடித்தார்கள், துணி செங்கல் நிறமாகிவிட்டது. துணி வெள்ளையாகவே வரும்வரை ஊதினார்கள். இதைச் செய்யாமல் டேங்கை மட்டும் மாற்றியிருந்தால் குழாயில் இருந்த துருவே புதுப் பம்ப்புக்குப் போதும்.

கடைசியாக ஏர் எடுப்பது, அதாவது குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. ஃபில்டர் மேலே உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பிடியை அமுக்க அமுக்க நுரை வந்தது, பிறகு குமிழி, பிறகு சுத்த டீசல். இறுக்கிவிட்டு மைக்கோவிலும் அப்படியே. அண்ணன் சாவியைத் திருப்பினார். இரண்டாவது திருப்பில் பிடித்துக்கொண்டது.

மொத்தக் கணக்கு: டேங்க் 6,500, பம்ப் 2,450, ஓஸ் கிளாம்ப் வாஷர் 640, ஃபில்டர் இரண்டு 520, கூலி 1,800. ஆக 11,910 ரூபாய். முதல் ஒர்க்‌ஷாப் மைக்கோவுக்கு மட்டும் கேட்டதைவிடக் குறைவு.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரே நாள் என்றவர் மூன்று நாள் எடுத்தார், நடுவில் வெல்டர் வரவில்லை. அதில் ஒரு லோடுக்கு வெளி டெம்போ பிடித்து 2,200 ரூபாய் கொடுத்தேன். முகூர்த்த நாள் பக்கத்தில் இருந்தால் அங்கே விடாதீர்கள். மிதவைக் கம்பியைப் புது டேங்கின் ஆழத்துக்குச் சரியாக வளைக்கவில்லை. கால் டேங்க் இருக்கும்போதே முள் காலி என்று காட்டுகிறது, இரண்டு தடவை சொல்லியும் சரி செய்து தரவில்லை. ஜி.எஸ்.டி. பில் கிடையாது, துண்டுச் சீட்டில்தான் எழுதித் தருவார். சந்தில் வண்டியைத் திருப்ப இடமில்லை, ரிவர்ஸிலேயே வெளியே வர வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், மூன்று மணிக்கு மேல் போங்கள். காலை ஒன்பதரைக்கு முன்னால் திறப்பதில்லை.

மைலேஜ் கூடியதா என்று கேட்கிறார்கள். கூடவில்லை. ஆனால் இந்த எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட நடுவழியில் நிற்கவில்லை. காந்தி இர்வின் பாலத்தை முழு லோடோடு மூன்றாவது கியரில் ஏறுகிறது. வைகாசியில் பதினோரு கல்யாணம் ஓட்டினோம். மயிலாப்பூர் மாஸ்டர் மறுபடி எங்களிடமே பாத்திரம் எடுத்தார். அன்றைக்கு நானே வண்டியில் போய் ஐந்து மணிக்கு முன்னால் கொப்பரையை இறக்கிக் கொடுத்தேன்.

இந்த ஆடியில் டேங்கைக் கழுத்து வரை நிரப்பி நிறுத்தினோம். லிட்டர் 92 ரூபாய்ச் சொச்சத்துக்கு நிரப்பிவிட்டு வண்டியைச் சும்மா நிறுத்த மனசு வரவில்லைதான். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அண்ணன் டிரெய்ன் பிளக்கைத் திறந்து ஒரு பாட்டிலில் பிடித்தார். ஒரு தேக்கரண்டித் தண்ணீர் இருந்திருக்கும். மேலே டீசல் தெளிவாக, எதிர்ப்பக்கம் கை ரேகை தெரிகிற அளவுக்கு இருந்தது. தையில் பாய் பிடித்துக் கொடுத்த பாட்டிலையும் அண்ணன் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார். இரண்டும் கடை அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பழைய வண்டி வைத்திருக்கும் யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறார்.